வன்னியே

டோக்கனில் முப்பத்தேழு என்று இருந்தது. சுவரில் இருந்த சிவப்பு எழுத்துப் பலகை இருபத்திரண்டில் போய் நின்றுகொண்டு நகர மறுத்தது. செசீல் மடியில் படிவத்தை வைத்து, படிவத்தின் மேல் கைப்பையை வைத்து, கைப்பையின் மேல் இரண்டு கைகளையும் வைத்து உட்கார்ந்திருந்தாள். கைகள் தன்னுடையவை போல இல்லை. பத்தொன்பது நாளாகவே அப்படித்தான். காலை மடக்கி ரொம்ப நேரம் உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, தட்டினால் வேறு யார் காலையோ தட்டுவது போல இருக்குமே, அந்த மாதிரி உடம்பு முழுக்க. எல்லாரும் அழச் சொன்னார்கள். அடக்கத்தின் போது நாத்தனார் லெயோனி தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுடு செசீல், அழுதுடு" என்றாள். செசீல் அப்போது, லெயோனியின் கைக்கடிகாரம் பத்து நிமிஷம் வேகமாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது இந்தத் தூதரகக் கூடத்தில் ஏசி முதுகில் நேராக விழுகிறது, குளிர்கிறது என்று தெரிகிறது, ஆனால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தோன்றவில்லை. இறந்துபோன புருஷனைப் பிரெஞ்சுப் பதிவேட்டிலும் இறந்துபோனவராக எழுதவேண்டும், அதற்காகத்தான் வந்திருக்கிறாள். புதுச்சேரி நகராட்சியில் எழுதியாகிவிட்டது. இங்கேயும் எழுதினால்தான் அந்த நாட்டைப் பொறுத்தவரை குளோவிஸ் இறந்தவர். அதுவரை அங்கே அவர் உயிரோடுதான் இருக்கிறார். அந்த நினைப்பு வந்ததும் ஏதாவது வலிக்குமா என்று கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். ஒன்றும் வலிக்கவில்லை. படிவத்தில் பதினோரு கட்டங்களை வீட்டிலேயே நிரப்பிவிட்டாள். பன்னிரண்டாவது கட்டம் மட்டும் காலி. பிள்ளைகள்: குடும்பப்பெயர், பெயர், பிறந்த தேதி. ஒரே ஒரு பிள்ளைதான். மூன்று தடவை பேனாவைக் கொண்டுபோனாள், மூன்று தடவையும் பேனா திரும்பி வந்தது.

பக்கத்து நாற்காலியில் தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வில் வந்தவர் என்பது அவர் முதுகிலேயே தெரிந்தது. சாய்மானம் இருந்தும் சாயவில்லை. இந்த ஊரில் இவர்களைச் சொல்தா என்பார்கள். "என்ன விஷயமா வந்தீங்க மதாம்?" என்று அவர் கேட்டார். "இறப்பு பதிய." "அடடா. யாரு?" "வீட்டுக்காரர்." அவர் தொப்பியை ஒரு முழங்காலிலிருந்து இன்னொரு முழங்காலுக்கு மாற்றினார். "நான் உயிரோட இருக்கேன்னு காட்ட வந்தேன். வருஷா வருஷம் நேர்ல வந்து நிக்கணும். நின்னாத்தான் நம்புவாங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் செருமினார். பிறகு, பேச்சை நல்லபடியாக முடித்துவைக்க நினைத்தவர் போல, "வீட்டுக்காரர் பேரு?" என்றார். "குளோவிஸ் வன்னியே." "வன்னியரா?" "வன்னியே." "அதான், வன்னியரான்னு கேட்டேன்."

இதற்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று செசீலுக்கு முப்பத்தாறு வருஷமாகத் தெரியும். குளோவிஸ் சொல்லும் பதில் அது, வார்த்தை மாறாது. இல்லைங்க, அது வேற, இது பிரெஞ்சு வார்த்தை, கூடை முடையறவன்னு அர்த்தம், முறத்துக்கு அங்கே வான் என்று பேரு, முறம் பின்னுகிறவன் வானியே, நாம வாய்க்கு வந்தபடி வன்னியே ஆக்கிக்கிட்டோம். தேர்தல் சமயத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் வாக்காளர் பட்டியலைப் பார்த்துவிட்டு உரிமையோடு வீட்டுக்குள் வந்து உட்காருவார்கள், பட்டியலிலும் வன்னியர் என்றுதான் அச்சாகியிருக்கும், குளோவிஸ் அவர்களுக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுத்து, முறத்திலிருந்து ஆரம்பிப்பார். பாதியில் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ரேஷன் கார்டில் ஒருமுறை, கேஸ் புத்தகத்தில் ஒருமுறை, கடைசியாகத் தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலித் தட்டியில் ஒருமுறை. தெருக்காரர்கள் பாசத்தோடுதான் அடித்திருந்தார்கள். ஆசிரியர் குளோவிஸ் வன்னியர். செசீல் வாசலிலிருந்து அதைப் பார்த்தாள். உள்ளே பெட்டியில் கிடக்கிறவர் எழுந்து வந்து சிவப்பு மையால் அந்த 'ர்'-ஐ அடித்துவிடுவார் என்று ஒரு விநாடி காத்திருந்தாள், அவ்வளவுதான், அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த மனுஷன். டிக்டேஷன் நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிழையைக் கண்டால் ஏதோ அடிபட்ட குருவியைக் கண்டது போல உதட்டைச் சுழிப்பார். இப்போது இந்தப் பெரியவருக்குப் பதில் சொல்ல செசீலின் வாய் திறந்தது. "ஆமாங்க" என்றது வாய். பெரியவர் திருப்தியாகத் தலையாட்டினார். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஆமாம் என்று சொல்லியாகிவிட்டது. அவர் இல்லாததால் சொல்லமுடிந்தது. சொன்னதும்தான் அவர் இல்லை என்பது ஒரு தகவலாக உள்ளே போய் எங்கோ உட்கார்ந்தது.

இருபத்தைந்து. பலகை ஒரு மணியடித்தது. பேர் எப்படி வந்தது என்பது குளோவிஸுக்கும் தெரியாது, அதுதான் வேடிக்கை. தெரியாததைத்தான் ஆயுசு பூராவும் தேடினார். ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளில், நான் இனி என் ஜாதி வழக்கத்துக்குக் கட்டுப்பட்டவன் இல்லை, பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று எழுதிக்கொடுத்தவர்களில் அவருடைய கொள்ளுத்தாத்தா அய்யாக்கண்ணுவும் ஒருவர். எழுதிக்கொடுக்கிறவன் பரம்பரைக்கும் ஒரு குடும்பப்பெயர் சொல்லவேண்டும். நம் ஊரில் அப்படி ஒன்று ஏது? சிலர் அப்பன் பேரைச் சொன்னார்கள், சிலர் துரை வைத்த பேரை வாங்கிக்கொண்டார்கள். அய்யாக்கண்ணு என்ன சொன்னாரோ, வெள்ளைக்கார எழுத்தர் காதில் என்ன விழுந்ததோ, பதிவேட்டில் வானியே என்று ஏறிவிட்டது. பெண்டாட்டி, அம்மா, நாலு பிள்ளைகள், ஆக ஏழு பேர். ஜாதியைக் கேட்டதாக நினைத்து அதைச் சொல்லியிருப்பார், வேண்டாமென்று எழுதிக்கொடுத்ததையே பேராக வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் என்பது லெயோனியின் கட்சி. வீட்டு வாசலில் வன்னிமரம் இருந்தது, அடையாளத்துக்கு அதைச் சொன்னார் என்பது ஒரு சித்தப்பாவின் கட்சி. எழுத்தரே மேற்குப் பிரான்சுக்காரன், அவன் ஊரில் வானியேக்கள் நிறைய, கேட்ட சத்தத்துக்குத் தெரிந்த பேரை எழுதினான் என்பது குளோவிஸின் கட்சி. ஆவணக் காப்பகத்தில் அனுமதி வாங்கி, ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து, கடைசியில் அந்த வரியைக் கண்டுபிடித்தார். அய்யாக்கண்ணு, இன்னாருடைய மகன், வானியே என்ற பெயரை ஏற்கிறார். அவ்வளவுதான். காரணம் எழுதப்படவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து, "ஏற்கிறார்னு போட்டிருக்கு செசீல். ஏற்கிறார்" என்றார். சாதத்தைப் பிசையவே இல்லை. அன்றைக்கு வஞ்சிர மீன். அவர் சாப்பிடாதது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. மீனின் வாசனை இப்போது மூக்குக்கு வருகிறது, அந்த எரிச்சலும் வருகிறது, மனுஷன்தான் வரமாட்டேன் என்கிறார்.

அதற்கப்புறம் எண்ணிக்கை. ஒரு நீலநிற நோட்டு. அதில் பிரான்சு தேசத்தின் வரைபடத்தைக் கையால் வரைந்து, எந்த மாவட்டத்தில் எத்தனை வானியே, இருபத்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை எத்தனை பிறப்பு என்று எழுதி வைத்திருந்தார். மேற்குப் பக்கத்தில் கறுப்பாக மண்டியிருக்கும், தெற்கே போகப்போக ஒன்று, இரண்டு, சில இடத்தில் சைபர். கோதுமை விளைகிற இடத்தில் முறம் வேண்டும், முறம் வேண்டிய இடத்தில் வானியே இருப்பான், பார்த்தாயா என்பார். அவள் பார்ப்பாள். கடைசிப் பக்கம் இந்தியாவுக்கு. ஆரம்பத்தில் ஏழு, பிறகு இருபத்தொன்று, சைகோனுக்குப் போனவர்களைச் சேர்த்து முப்பத்துநாலு, பிறகு கப்பலேறியவர்கள், பெண்ணாகப் பிறந்து கட்டிக்கொண்டு பேர் மாறியவர்கள், பிள்ளையில்லாதவர்கள் என்று குறைந்து குறைந்து கடைசியில் புதுச்சேரியில் மூன்று. குளோவிஸ், செசீல், கல்யாணமே செய்துகொள்ளாத லெயோனி. பிரான்சில் ஒன்று, திதியே. அந்த ஒன்றை மட்டும் வட்டம் போட்டிருப்பார். டெலிபோன் புத்தகத்தில் பார்த்து அந்த நாட்டு வானியேக்களில் நாற்பது பேருக்குக் கடிதம் எழுதினார், அழகான கையெழுத்தில், நாங்களும் உங்கள் பேர்தான் என்று. ஒரே ஒரு பதில் வந்தது. தபால் கார்டில் பசுமாட்டின் படம். எங்களுக்கு இந்தியாவில் உறவு யாரும் இல்லை, உங்கள் உடல்நலத்துக்கு வாழ்த்துகள். குளோவிஸுக்கு அதில் அத்தனை சந்தோஷம், பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தக் கார்டைக் காட்டினார். லெயோனிதான் வெடித்தாள். "கூடை முடையறவன் வம்சம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாதேண்ணா. அங்க அது தொழில். இங்க அது வேற. உனக்குப் புரியாது, எனக்குத் தெருவுல தலைகாட்ட முடியலே." குளோவிஸ் கார்டை நோட்டுக்குள் வைத்தார். "அப்ப எதுக்கு அய்யாக்கண்ணு கையெழுத்துப் போட்டார்?" என்று மட்டும் கேட்டார். லெயோனி காப்பியைக் குடிக்காமல் போய்விட்டாள்.

அந்த வட்டம் போட்ட ஒன்று. செசீல் பேனாவை எடுத்தாள், மூடியைத் திறந்தாள், மூடினாள். பலகையில் இருபத்தொன்பது. போன வருஷம் செப்டம்பரில் ஒரு மத்தியானம் திதியே போன் பண்ணினான். குளோவிஸ் குளித்துக்கொண்டிருந்தார், குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "மா, ஒண்ணு சொல்லணும். நான் பேரை மாத்திட்டேன்." எந்தப் பேர் என்று அவளுக்கு உடனே புரியவில்லை. "குடும்பப் பேரு. இப்ப இங்க ஒரு சட்டம் வந்திருக்கு. அம்மா பேரை எடுத்துக்கலாம். நகராட்சியில ஒரு படிவம்தான். உங்க பேரை எடுத்துக்கிட்டேன். தேவசகாயம்." அது அவளுடைய அப்பாவின் பேர். கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடச் சான்றிதழில் இருந்தது, அதற்கப்புறம் அவளே அதை எங்கும் எழுதியதில்லை. யாரோ பழைய பீரோவைத் திறந்து அவளுடைய பாவாடை சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தது. ஏன்டா என்றாள். அவன் அவசரப்படாமல் சொன்னான். பல நாள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பான் போல. "டாக்டர் வீட்டுல, பேங்க்ல, இன்டர்வியூவுல, எங்க போனாலும் முசியே வானியேன்னு கூப்பிடுவாங்க. நான் எழுந்திருப்பேன். அவங்க என்னைத் தாண்டிப் பின்னாடி பார்ப்பாங்கம்மா. வெள்ளைக்காரன் எவனாவது வர்றானான்னு. நான் முன்னாடியே நிக்கிறேன், அவங்க இன்னும் தேடிட்டு இருப்பாங்க. பதினோரு வருஷமா. எனக்கு என் மூஞ்சிக்கு ஒத்துப்போற பேர் வேணும்." குழாய் நின்றது. "அப்பாகிட்ட நீங்க சொல்லிடாதீங்க. டிசம்பர்ல வர்றேன், நேர்ல சொல்றேன்." குளோவிஸ் துண்டோடு வெளியே வந்து, யாரு என்றார். "திதியே. நல்லா இருக்கானாம்." இரண்டும் உண்மைதான்.

டிசம்பரில் வந்தான், எட்டு நாள் இருந்தான், சொல்லவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் அப்பாவும் பிள்ளையும் கடற்கரைக்கு நடந்துவிட்டு வருவார்கள், அவள் வாசலில் நின்று இரண்டு பேர் முகத்தையும் பார்ப்பாள், இல்லை, இன்னும் இல்லை. விமானநிலையத்துக்குக் கார் ஏறும்போது அவள் காதில், "முடியலேம்மா" என்றான். ஆக அது அவள் வேலையாகிவிட்டது. மறைப்பது ஒன்றும் கஷ்டமில்லை, பழகிவிட்டால் தினமும் பால் காய்ச்சுவது போலத்தான். திதியே அனுப்பும் பார்சல்களில் அனுப்புநர் பேர் ஒட்டியிருக்கும். தேவசகாயம் திதியே. தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலுக்குப் போய் நின்று, வாங்கி, சமையலறையில் கொதிக்கிற தண்ணீர் ஆவியில் காட்டி அந்தச் சீட்டை உரித்துவிடுவாள். சாக்லேட்டு, காப்பித்தூள், அப்பாவுக்குக் கம்பளிக் காலுறை, இந்த ஊர் வெயிலில் எதற்குக் கம்பளிக் காலுறையோ. உரித்த சீட்டை அடுப்பில் வைப்பாள். எரிகிறபோது அவளுடைய அப்பா பேர்தான் எரிந்தது. அதையும் ஒரு தகவலாகத்தான் பார்த்தாள். பயம் மட்டும் இருந்தது. மனுஷனுக்குத் தெரிந்தால் என்ன ஆவார்? கத்துகிற ஆள் இல்லை. அந்த நோட்டை எடுத்து, வட்டம் போட்ட ஒன்றை ரப்பரால் அழித்து, அந்த இடத்தை ஊதுவார். அந்த ஊதலைத்தான் அவளால் தாங்கமுடியாது என்று நினைத்தாள். பிறகு இந்த வருஷம் நவம்பரில் ஒரு காலை ரொட்டி வாங்கப் போனார், வந்தார், நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து ஒரு ஷூவைக் கழற்றினார், இன்னொன்றைக் கழற்றவில்லை. ரொட்டி இன்னும் சூடாக இருந்தது. அவள் முதலில் நினைத்தது, நினைத்ததற்காக அவளை யாரும் மன்னிக்கவேண்டாம், இனிமேல் சீட்டு உரிக்கவேண்டாம் என்பதுதான்.

முப்பத்தாறு. பெரியவரைக் கூப்பிட்டுவிட்டார்கள், அவர் தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு, தான் உயிரோடிருப்பதைக் காட்டப் போனார். இனி நேரமில்லை. உண்மையை எழுதினால் என்ன? படிவத்தில் எல்லாம் குளோவிஸின் பேருக்குக் கீழேதான் வருகிறது. இறந்தவர் வானியே, அதற்குச் சரியாக ஐந்து விரற்கடை கீழே, பிள்ளை தேவசகாயம். ஒரே தாளில் அவர் கண்ணுக்கு முன்னால். அவருக்கு இனிக் கண் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பேனா எழுதியது, முன்பு எத்தனையோ படிவங்களில் எழுதின பழக்கத்தில், VANNIER Didier. எழுதி முடித்ததும் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்போது மணியடித்தது. அடுத்த வாரம் கண்டுபிடிப்பார்களோ, பொய்த் தகவல் என்று ஏதாவது வருமோ என்ற எண்ணம், அவள் எழுந்து நடந்த பிறகு, அவளுக்குப் பின்னால் நாலடி தள்ளி நடந்து வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும், மேசையில் இருதயா என்று பேர்ப்பலகை. படிவத்தை வாங்கி விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். குளோவிஸ் என்ற இடத்தில் விரல் நின்றது. "வானியே முசியேவா? ஐயோ. எப்போ மதாம்?" "பத்தொன்பது நாளாச்சு." "எனக்குத் தெரியாதே. என் தம்பிக்குப் பாடம் எடுத்திருக்கார்." விரல் மறுபடி நகர்ந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. கணினியில் ஏதோ தட்டினாள், பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள். "பையன் பேர் பழசைப் போட்டுட்டீங்க மதாம். இப்போ தேவசகாயம் ஆச்சே." செசீல் இரண்டு கையாலும் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மறந்துவிட்டேன் என்றோ, தெரியாது என்றோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் இருதயா தன்போக்கில் பேசிக்கொண்டே போனாள். "முசியே ஜூன் மாசம் வந்திருந்தாரே. அந்தக் காப்பியை நான்தானே எடுத்துக் கொடுத்தேன்."

"எந்தக் காப்பி?" "பையனோட பிறப்புப் பதிவு. ஓரத்துல பேர் மாற்றம் குறிச்சிருப்பாங்க இல்லையா, அது. பார்சல் மேல பேரைப் பார்த்தேன், சரியா இருக்கான்னு தெரிஞ்சுக்கணும்னார்." செசீலுக்கு வார்த்தைகள் கேட்டன. ஜூன். இது டிசம்பர். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று விரல்விட்டு எண்ணுவது போல மனசு எண்ணியது. ஆறாவது விரல் கிடைக்கவில்லை. "கோபமா இருந்தாரா?" என்று கேட்டாள். இருதயா யோசித்தாள். "கோபம்னு இல்லே. அங்க அந்த நாற்காலியில உக்காந்து ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தார். நான் சாப்பிடப் போயிட்டு வந்தேன், அப்பவும் உக்காந்திருந்தார். அப்புறம் கவுண்டருக்கு வந்து, இதுல பிழை இருக்குன்னார்." "பிழையா?" "அந்த ஊர் நகராட்சியில தட்டும்போது நடுவுல G, A-ன்னு ரெண்டு எழுத்தை விட்டுட்டாங்க. தேவசகாயம்னு இருக்கவேண்டியது தேவசாயம்னு ஆயிடுச்சு. சகாயம் எங்க, சாயம் எங்க, கடவுள் துணைன்னு அர்த்தம் வர்ற பேரைக் கடவுள் சாயம்னு ஆக்கிட்டாங்க, இது என் மாமனார் பேரு, இப்படியே விட்டா நூறு வருஷத்துக்கு அப்புறம் எவனாவது வந்து இது எங்கேருந்து வந்துச்சுன்னு மண்டையை உடைச்சுக்குவான்னார். பையன்தான் மனு போடணும் முசியேன்னு சொன்னேன். தப்பைச் சுட்டிக்காட்டி நான் எழுதக்கூடாதான்னார். எழுதலாம்னேன். மறுநாளே உங்க பிறப்புச் சான்றிதழ் நகலோட வந்துட்டார். பிரான்சுல நாந்த் ஊர்ல இருக்கிற பதிவு ஆபீசுக்கு அனுப்பினோம். திருத்திட்டாங்க, செப்டம்பர்லயே."

மே மாதக் கடைசியில் ஒரு பார்சல் வந்தது. செசீல் அன்று பூசைக்குப் போயிருந்தாள், திரும்பி வந்தபோது அது சாப்பாட்டு மேசையில் இருந்தது. ஓடிப்போய்த் திருப்பிப் பார்த்தாள். அனுப்புநர் சீட்டு இல்லை. ஒட்டியிருந்த இடத்தில் அட்டை லேசாக நனைந்து மேல்தோல் எழும்பியிருந்தது. வழியிலேயே உரிந்துபோயிருக்கிறது, மாதா காப்பாற்றினாள் என்று நினைத்தாள். குளோவிஸ் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை, "காப்பித்தூள் அனுப்பியிருக்கான் போல" என்றார். சமையலறையில் அடுப்பு சூடாக இருந்தது, கெட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தது. மனுஷன் டீ போட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாளே. டீயே குடிக்காத மனுஷன். முன்பு வந்த பார்சல்களில் சீட்டே இல்லாததை நினைத்துப் பார்த்திருப்பார், அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவேண்டாம் என்று சீட்டை உரித்திருக்கிறார். பெட்டியில் அவளுடைய பிறப்புச் சான்றிதழைத் தேடியிருக்கிறார். அதற்கப்புறமும் அவள் வாசலில் தபால்காரருக்காக நின்றிருக்கிறாள், எத்தனை தடவை, அவர் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஆறு மாதம் இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். ஒரு தடவை, ஆமாம், ஒரு தடவை ஆகஸ்டில், உங்க அப்பாவுக்கு அந்தப் பேரை யார் வச்சாங்க என்று கேட்டார். யாருக்குத் தெரியும் என்றாள் அவள், கீரை ஆய்ந்துகொண்டே. கேட்டிருக்கலாமே நீ என்றார். அவ்வளவுதான் பேச்சு. கீரையில் மண் இருந்தது, மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினாள்.

இருதயா படிவத்தைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினாள். "அடிச்சுட்டுப் பக்கத்துல எழுதிடுங்க மதாம், ஒண்ணும் பிரச்சினை இல்லே." செசீல் எழுதியதை அடித்தாள். ஒரே கோடு, நேராக. பக்கத்தில் இடம் குறைவாக இருந்தது, எழுத்தை நெருக்கி எழுதினாள். அடுத்து இருதயா கீழே கையெழுத்துப் போடச் சொன்னாள். "எந்தப் பேருல போடறது?" என்று கேட்டாள் செசீல். "இத்தனை நாள் எதுல போட்டீங்களோ அதுலேயே போடலாம் மதாம். நீங்க ஆசைப்பட்டா வச்சுக்கலாம், வேணாம்னா விட்டுடலாம். உங்க இஷ்டம்." யாரும் இதுவரை இந்தப் பேர் விஷயத்தில் அவள் இஷ்டத்தைக் கேட்டதில்லை. யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனால் பின்னால் முப்பத்தெட்டாம் நம்பர் இருமியது. செ. வன்னியே என்று போட்டாள். தமிழிலேயே போட்டுவிட்டதை அப்புறம்தான் கவனித்தாள். இருதயா படிவத்தை எடுத்துக்கொண்டாள். எழுந்து உள்ளே போய்க் கோப்பிலிருந்து ஒரு தாளைப் பிரதியெடுத்துக் கொண்டுவந்து கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். "முசியே எழுதின மனு. உங்ககிட்ட இருக்கட்டும்."

வெளியே வெயில். உள்ளே இருந்த குளிருக்கு அது தோல்மேல் ஒரு சத்தம் போல விழுந்தது. தெருவில் சைக்கிளில் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள், கடற்கரைப் பக்கத்திலிருந்து வண்டிகள் வந்துகொண்டிருந்தன. மதில் நிழலில் நின்று போனை எடுத்தாள். அங்கே காலை எட்டரை இருக்கும், வேலைக்குக் கிளம்பியிருப்பான். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். "மா? என்னாச்சு?" அப்பா போன பிறகு எந்த அழைப்புக்கும் இப்படித்தான் எடுக்கிறான். "ஒண்ணுமில்லேடா. பதிஞ்சாச்சு." "கட்டத்துல என் பேரை என்ன எழுதினீங்க?" அவனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். "இருக்கிற பேரைத்தான்." அந்தப் பக்கம் ரயில் வந்து நிற்கிற சத்தம் கேட்டது, கதவுகள் திறந்து மூடின, அவன் ஏறவில்லை போலிருந்தது. "மா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அங்க வந்தப்போ எல்லாரும் இருந்தாங்க, கேக்க முடியலே. செப்டம்பர்ல எனக்கு நாந்த்துலேருந்து ஒரு கடிதம் வந்துச்சு. பேர்ல விட்டுப்போன எழுத்தைச் சேர்த்தாச்சுன்னு. எனக்கு அந்தத் தப்பு முன்னாடியே தெரியும், ரெண்டு எழுத்துதானேன்னு விட்டுட்டேன். நீங்க பாத்து மனு போட்டிருக்கீங்க. போன்ல சொன்னா அப்பா காதுல விழுந்துடும்னுதான் தேங்க்ஸ் கூடச் சொல்லலே."

செசீல் மதிலில் தோளைச் சாய்த்தாள். "நான் இல்லேடா" என்றாள்.

அந்தப் பக்கம் ரயில் கிளம்பியது. அடுத்த ரயில் வந்தது, போனது. அங்கே ஒருவர் அறிவிப்பில் ஏதோ ஊர்ப் பேர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "எப்போ?" என்று ஒரு வழியாகக் கேட்டான். "ஜூன்லயே." "உங்ககிட்டே ஒண்ணும் சொல்லலையா?" "இல்லே." "என்கிட்டயும் சொல்லலே. ஜூலையில என் பிறந்தநாளுக்குப் பேசினாரே, அரைமணி நேரம் பேசினார். ஒண்ணும் சொல்லலேம்மா." "நீயும்தான் சொல்லலே" என்றாள் அவள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, நாங்கள் மூன்று பேருமே என்று சொல்ல வந்தாள், அது இப்படி வந்துவிட்டது. அவன் மூச்சு விடுவது கேட்டது. சின்னதில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் வாயால் மூச்சுவிடுவான். "எப்படி எழுதியிருக்கார்?" என்றான். "என்னது?" "பேரை. பேரை எப்படி எழுதியிருக்கார், படிங்க."

தாளைப் பிரித்தாள். டிக்டேஷன் நோட்டில் எழுதுகிற அதே கையெழுத்து. மேலே தேதி, ஐயா, வணக்கம், என் மகனுடைய பெயர் பின்வருமாறு அமையவேண்டும். அதற்குக் கீழே தாளின் நடுவில், பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதுவது போல ஒவ்வொரு எழுத்துக்கும் இடைவெளி விட்டு, பெரிதாக. நகல் என்பதால் எல்லாம் ஒரே கறுப்பு, ஆனால் இரண்டு எழுத்துக்குக் கீழே மட்டும் கோடு போட்டிருந்தார். செசீல் போனை வாயருகே கொண்டுவந்து, பிரெஞ்சில், ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். "தே. எ. வே. ஆ." தெருவைக் கடந்து வந்த ஒரு பெண் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். "எஸ். ஆ." அடுத்தது கோடு போட்ட எழுத்து, அந்த G. வாயைத் திறந்தாள், வரவில்லை. திரும்பவும் திறந்தாள். அந்தப் பக்கம் திதியே காத்திருந்தான், அவசரப்படுத்தவில்லை. அவளுடைய விரல்கள் தாளைப் பிடித்திருந்த இடத்தில் வலித்தன, விரல்கள்தான், தன்னுடையவைதான், நன்றாக வலித்தன. "ழே" என்று அவள் சொன்னபோது அது ஒரு எழுத்து போல ஒலிக்கவில்லை. "சொல்லுங்கம்மா" என்றான் அவன். "அடுத்தது சொல்லுங்க."